பழைய ஒலிவிரியலாக்கியும் புதிய பலகையும்



பழைய பொருளொன்று பழுதுபட்டால் அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோர் ஒருசாரார். பழையது என்பதனாலேயே அதில் எதனையும் தொடலாகாது என்போர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. எது தேய்ந்தது, எது தேயாதது என ஆராய்ந்து, தேய்ந்ததை மட்டும் மாற்றுவதே அது. இதனை விளக்க ஒலிவிரியலாக்கி ஒன்றை, வழக்கில் அம்பிளிபையர் எனப்படும் கருவியை, எடுத்துக்கொள்கின்றேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த டைனகோ நிறுவனம் 1959ஆம் ஆண்டில் ‘ஸ்டீரியோ 70’ என்னும் கருவியை வெளியிட்டது. பக்கம் ஒன்றுக்கு 35 உவாற்று வலுவுள்ள இக்கருவி, தனித்தனி உறுப்புகளாகவும் விற்கப்பட்டது. பொறுமையுள்ளவர் எவரும் கைந்நூலைப் பார்த்து வீட்டு மேசையிலேயே பொருத்திக்கொள்ளலாம். இதிலுள்ள ஏழு வால்வுகளுள் ஒலிபெருக்கிகளை இயக்கும் வலுவைத் தருவன நான்கு இஎல்34 வால்வுகள். உட்புகும் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, ஒன்றுக்கொன்று எதிரான இரு கூறுகளாக்கி அவற்றுக்கு அளிப்பன இரண்டு 7199 வால்வுகள். இவ்விரண்டும் அச்சிட்ட சுற்றுப்பலகை ஒன்றில் அமர்ந்துள்ளன.

ஆண்டுகள் பல சென்றன. வால்வுகளின் வெப்பத்தாற் பலகைகள் கருகின. தடைகளின் அளவு பிறழ்ந்தது. கண்டென்சர் எனப்படும் ஒடுக்கிகளில் மின் கசிந்தது. இவற்றோடு 7199 வால்வும் கிடைத்தற்கரியதாயிற்று. ஆயினும், எடைமிக்க வெளியீட்டு நிலைமாற்றிகள் பெரும்பாலும் குன்றாதிருந்தன. கருவியின் உயிர்நிலை அவையே. டைனகோவின் டேவிட் ஹாஃப்லர், ஹெர்பர்ட் கெரோஸ் என்பாருடன் 1951இல் விளக்கி எழுதிய ‘அல்ட்ரா லீனியர்’ முறை அவற்றில் அமைந்துள்ளது. ஆகவே பலகையை மட்டும் மாற்றி, 12ஏயூ7 போன்று இன்றும் ஆக்கப்படும் வால்வுகளைப் பொருத்தும் வழக்கம் தோன்றிற்று. செல்லரித்த சுவடியைப் புதிய ஏட்டிற் படியெடுத்த நம் முன்னோர் செயலும் இத்தகையதே. ஓலை மாறியது, நூல் மாறவில்லை.

புதிய பலகையை ஆக்குவோர் முதலில் ஒவ்வொரு தடையையும் மானியால் அளந்து பார்த்தல் வேண்டும். சிறிய உறுப்புகளை முன்னும், பெரியவற்றைப் பின்னும் பொருத்துதல் முறை. நேர்முனையும் எதிர்முனையும் குறிக்கப்பட்ட ஒடுக்கிகளைத் திசைமாற்றி வைத்தலாகாது. பற்றாசு வைக்குங்கால் ஈயத்தை மட்டும் உருக்கினாற் போதாது. கம்பியும் செப்புத்தடமும் ஒருங்கே சூடேறினால்தான் ஈயம் படர்ந்து இறுகும். பழைய பலகையைக் கழற்றுமுன் ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டிவிடுதல் நன்று. நிலைமாற்றியிலிருந்து திரும்பிவரும் பின்னூட்டம் தலைகீழாக அமைந்துவிட்டால், இசைக்குப் பதிலாக ஊளைச் சத்தமே கேட்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கருவியினுள்ளே 400 உவோற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் ஒடுக்கிகளில் உயிர்கொல்லும் மின் தங்கியிருக்கும். தக்க தடையொன்றின் வழியாக அதனை வெளியேற்றி, மானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே கைவைக்கலாம். அனுபவமில்லாதோர் அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அமெரிக்க வீடுகளுக்கென ஆக்கப்பட்ட கருவி 120 உவோற்றுக்குரியது. நம் நாட்டின் 230 உவோற்று மின்னில் அதனை நேரே தொடுத்தலாகாது.

பலகை அமர்ந்தபின், ஒலிபெருக்கிகளைத் தொடுத்துவிட்டே கருவியை இயக்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள 15.6 ஓம் தடையின் குறுக்கே 1.56 உவோற்றுக் காட்டும்வரை திருகைச் சரிசெய்தல் வேண்டும். அப்போது அப்பக்கத்து இரு இஎல்34 வால்வுகளிலும் சேர்ந்து ஓர் அம்பியரின் பத்திலொரு பங்கு மின் ஓடுகின்றது என்பது பொருள்.

நான் கலை பயின்றவன், பொறியியல் கற்றவனல்லன். எனினும் இவ்வேலையில் ஒரு கல்வி இருப்பதைக் காண்கின்றேன். ஒன்றைக் காப்பதற்கு அன்பு மட்டும் போதாது; அதன் அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அமைப்பை அறியாதவன் பழையதை வீசிவிடுவான், அல்லது பூட்டிவைப்பான். அறிந்தவனோ அதனைப் பாடவைப்பான். நம் மாணவர் கைகளுக்கு ஏட்டோடு பற்றாசுக்கோலும் பழக்கமாகுமாயின், குப்பைக்குச் செல்லும் பொருள்கள் குறையும்; தம் கைத்திறனில் அவர்கொள்ளும் நம்பிக்கை வளரும்.