அனுப்பினவரே இளைப்பாறவும் சொன்னார்

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில், ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வகுப்பில் பேசுவதுபோலவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்வி நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளும் அதற்கு வெளியேயும் மக்களின் சுகவாழ்வை எப்படிப் பேணுகிறது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் தம்முடைய பன்னிருவரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் போய் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் சுகப்படுத்துகிறார்கள். திரும்பி வந்து, செய்ததையெல்லாம் அவரிடம் சொல்கிறார்கள். அந்த நேரத்திலும் கூட்டம் ஓயவில்லை. உட்கார்ந்து சாப்பிடக்கூட அவர்களால் முடியவில்லை. இன்னும் எத்தனை ஊர் பாக்கி என்று ஆண்டவர் கேட்கவில்லை. தனியான ஓர் இடத்துக்கு அழைத்து, சற்று இளைப்பாறச் சொன்னார். அனுப்பினவரும் அவரே, இளைப்பாறச் சொன்னவரும் அவரே. இந்த இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

2015ஆம் ஆண்டு கனடாவின் கெலோனா நகரில் பல நாட்டுப் பல்கலைக்கழகத்தார் கூடி 'ஒகனகன் சாசனம்' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அதில் இரண்டு அழைப்புகள் உண்டு. வளாகத்தின் அன்றாட வாழ்க்கையிலும் நிர்வாகத்திலும் கல்வியிலும் சுகவாழ்வு ஊடுருவியிருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த நிறுவனம் தன் மதிலுக்கு வெளியே உள்ள சமுதாயத்தின் சுகவாழ்வுக்கும் முன்நின்று உழைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இதை வாசித்தபோது நமக்கு அருகிலுள்ள ஓர் இடமே என் நினைவுக்கு வந்தது. அது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

இராணிப்பேட்டையில் 1870இல் மிஷனெரி குடும்பத்தில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் ஊழியத்தைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வந்தது. ஆனால் அந்த அம்மையார் நோயாளிகள் வரட்டும் என்று உள்ளே காத்திருக்கவில்லை. முதலில் மாட்டுவண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் புறப்பட்டுப்போய், மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு அங்கேயே மருந்து கொடுத்தார். 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினபோது, மாணவிகளும் அந்த வழியே நடந்தார்கள்.

அந்தச் சாலை இன்றும் மூடவில்லை. முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்குகிறார்கள். வீடு வீடாகப் போய், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், நோய் வந்தால் யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்டு அறிகிறார்கள். நாடி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பமாயிருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் துணையாகச் செவிலியரும் மருத்துவரும் கிராமத்துக்கே வருகிறார்கள். கே.வி.குப்பத்தில் 1977இல் தொடங்கிய பணி இன்னும் ஒரு படி மேலே போய், வைத்தியத்தோடு கைத்தொழில் பயிற்சியையும் பெண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டது. வருமானம் இல்லாத வீட்டில் சத்துணவைப்பற்றிப் போதித்து என்ன பயன்?

இது வெளியே. இனி உள்ளே வருவோம். இங்கேதான் என் மனதில் பாரமாயிருக்கிற காரியம் இருக்கிறது.

நான் வேலூரில் வேலை பார்த்தவள் அல்ல. வேறொரு ஊரில், ஒரு சிறிய செவிலியர் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். தூரத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி. நல்ல கைராசிக்காரி. திடீரென்று வார்டுக்குத் தாமதமாக வரத் தொடங்கினாள். மதிப்பெண் குறைந்தது. எல்லார் முன்னிலும் நான் கடிந்துகொண்டேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கடிதமும் எழுதி வைத்திருந்தேன். அன்று மாலை விடுதிச் சமையல்கார அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், அந்தப் பொண்ணு மூணு நாளா சோத்தைத் தொடவே இல்ல. தட்டு அப்படியே திரும்பி வருது" என்றார்.

நான் மருத்துவத்தில் பாடம் சொல்பவள். என் கண்ணுக்குத் தெரியாதது தட்டுக் கழுவுகிறவருக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளையை அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். அவள் முதன்முதலாகக் கவனித்த நோயாளி, ஒரு சிறு குழந்தை, இறந்துவிட்டது. தன்னால்தானோ என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறாள். அது அவள் தவறு அல்ல என்று அவளிடம் சொல்ல யாரும் இல்லை. கடிதத்தைக் கிழித்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அதுமுதல் மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாணவியோடும் தனியே உட்கார்ந்து, படிப்பைப்பற்றிக் கேட்காமல், சாப்பாடு, தூக்கம், வீடு இவற்றைப்பற்றி மட்டும் கேட்பதை வழக்கமாக்கினேன். அந்த மாணவி இன்று ஒரு மலைப்பகுதி மருத்துவமனையில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாளர். அன்று நான் அவளை அனுப்பியிருந்தால் அந்த வார்டு யாரை இழந்திருக்கும்!

வேலூரில் ஆசிரியர் குடும்பங்கள் மாணவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகமுடியாத பிள்ளைக்கு அங்கே ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. 1957இல் அங்கே தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறுவதை முறையாகவே வைத்தார்கள். மனிதன் தனியாய்ச் சுகமடைவதில்லை என்ற அந்தப் பாடம் நோயாளிக்கு மட்டுமல்ல, வைத்தியம் செய்கிறவருக்கும் பொருந்தும்.

இப்போது நம்மிடத்துக்கு வருகிறேன். திருச்சபைகள் அனுப்பிவைக்கும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் பணிசெய்ய ஒப்புக்கொடுக்கிறார்கள். நம்முடையதைப் போன்ற சிறிய மருத்துவமனைகள் அவர்களால்தான் ஓடுகின்றன. இருபத்தைந்து வயது. இரவு இரண்டு மணிக்கு வரும் பிரசவக் கேஸுக்கு அவர்தான் டாக்டர். விடிந்தால் வெளிநோயாளிகள் வரிசை. குவார்ட்டர்ஸில் பேச ஆள் இல்லை. இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் சிலர் போய்விடுகிறார்கள் என்று நாம் வருத்தப்படுகிறோம். அவர்கள் இருந்தபோது நாம் எத்தனை முறை விசாரித்தோம்?

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, உங்கள் சபை தாங்கும் மாணவருக்குப் பணத்தோடு ஒரு கடிதமும் அனுப்புங்கள். எப்படிச் சாப்பிடுகிறாய், எப்படித் தூங்குகிறாய் என்று கேளுங்கள். இரண்டாவது, அருகிலிருப்பவர்கள் மருத்துவமனையின் இளம் ஊழியர்களை ஞாயிறு மதியம் வீட்டுக்கு அழையுங்கள். மீன் குழம்பும் சோறும் போதும், விருந்து வேண்டாம். மூன்றாவது, உங்கள் காணிக்கையில் ஒரு பங்கைக் கிராமப் பணிக்கென்று குறித்துக் கொடுங்கள். கட்டிடத்தில் கல்வெட்டு வைக்கலாம், இயந்திரத்தில் பெயர் எழுதலாம். ஒரு பணியாளர் வெயிலில் நடந்துபோய்க் குழந்தையை எடைபார்த்ததற்குக் கல்வெட்டு இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தை மருத்துவமனைக்கு வராமலே நன்றாயிருக்கிறது. அதுதான் உங்கள் காணிக்கையின் கனி.

அந்தச் சமையல்கார அம்மா இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். எந்த அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. திரும்பி வருகிற தட்டைக் கவனிக்கும் கண்களைக் கர்த்தர் நமக்கும் தருவாராக. ஆமென்.