மோட்டார் ஓடவில்லையா?

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியும் கிணற்று மோட்டார் ஓடாமல் உறுமுகிறதா? உடனே நிறுத்துங்கள். மூன்று பேஸில் ஒன்று வராதபோது திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டார் காயில் கருகிவிடும்.

ஸ்டார்ட்டர் பலகையில் மூன்று பேஸ் விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். எரிந்தால், ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கலாம். ஆறவிட்டு ஒருமுறை மட்டும் ரீசெட் செய்யுங்கள். மறுபடியும் விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் பாய்வது 415 வோல்ட் மின்சாரம். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரக்கையோடும் வெறுங்காலோடும் தொடாதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரு விளக்கு எரியவில்லையா? பேஸைத் தேடி நீங்களே கம்பத்தில் ஏறாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம்.

ஒருநாள் தண்ணீர் தள்ளிப்போனால் பயிர் தாங்கும். உங்கள் உயிருக்கு ஈடு கிடையாது.