மாடியறை மனைவியும் கரும்புக்காட்டு ஜாம்பியும்

காதல் இலக்கியத்தோடு திகிலைக் கலந்து படமாக்குவது அண்மைக்கால வணிகத் தந்திரம் என்ற எண்ணம் நிலவுவதற்கு, பர் ஸ்டீயர்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ் அண்ட் ஜாம்பீஸ்' படமும் ஒரு காரணம். ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலுக்குள் நடைபிணங்களை நுழைத்து சேத் கிரஹாம்-ஸ்மித் 2009இல் எழுதிய நூலைத் தழுவிய அப்படத்தில், பென்னட் வீட்டுப் பெண்கள் வரன் பற்றிய பேச்சுக்கிடையே துப்பாக்கிகளைத் துடைக்கிறார்கள். நாயகன் டார்சி முதன்முறை மணம் பேச வரும்போது அவனும் நாயகி எலிசபெத்தும் வாய்ச்சண்டையோடு நில்லாமல் கைகலக்கவும் செய்கிறார்கள். அந்த மணப்பேச்சுக் காட்சி உண்மையிலேயே நன்று; ஆஸ்டினின் நாகரிகமான உரையாடலுக்கு அடியில் கனன்றுகொண்டிருந்த ஆத்திரம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இடங்களில் பிணங்கள் நாவலுக்குப் பக்கத்தில் நடமாடுகின்றனவே தவிர நாவலுக்குள்ளிருந்து எழவில்லை என்பதால், அவற்றை எடுத்துவிட்டாலும் காதல் கதை குலையாமல் நிற்கும்.

இதற்கு 73 ஆண்டுகள் முன்பே, 1943இல், இந்தக் கலப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் வால் லூட்டன் தயாரித்து ழாக் டூர்னர் இயக்கிய 69 நிமிடப் படம் காட்டிவிட்டது. 'ஐ வாக்டு வித் எ ஜாம்பி' என்ற தலைப்பு மேலிடத்திலிருந்து வந்தது, செலவுக்கும் கடும் வரம்பு இருந்தது. அந்த மலிவான தலைப்பின் கீழ் லூட்டன் கொண்டுவந்து வைத்ததோ சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்'.

1847இல் வெளிவந்த அந்த நாவல் காதல் கதையாகவே பெரும்பாலும் நினைவுகூரப்பட்டாலும், பழைய மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவுச் சிரிப்பு ஆகியவற்றால் அச்சமூட்டும் 'காதிக்' என்னும் கதைமரபின் கூறுகள் அதில் நிறைந்திருக்கின்றன. நாயகி ஜேன் காதலிக்கும் ராச்செஸ்டர் தன் மாளிகையின் மேல்மாடியில் அடைத்துவைத்திருக்கும் முதல் மனைவி பெர்த்தா ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்தவள். அவளைக் கண்ட ஜேனுக்கு இரத்தம் குடிக்கும் பேயின் நினைவுதான் வருகிறது. ஆகவே திகிலை வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் தேவை லூட்டனுக்கு இருக்கவில்லை. அந்தச் சீதனம் புறப்பட்ட திசையை நோக்கிக் கதையை நகர்த்தினாலே போதுமானதாக இருந்தது.

படத்தில் ஜேனின் இடத்தில் இருப்பவள் பெட்சி என்னும் கனடா நாட்டுச் செவிலி. கரீபியன் தீவொன்றில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் பால் ஹாலண்டின் மனைவி ஜெசிக்காவைப் பராமரிக்க அவள் வருகிறாள். ஜெசிக்கா நடக்கிறாள், பேசுவதில்லை. கடுங்காய்ச்சலின் விளைவு என்கிறார் மருத்துவர், ஜாம்பி என்கிறார்கள் தீவு மக்கள். ஹெய்ட்டி நாட்டு வூடூ நம்பிக்கையில் ஜாம்பி என்பது மூளையைத் தின்னும் பிணமன்று, சுயவிருப்பம் பறிக்கப்பட்டுப் பிறர் ஏவலுக்கு ஆட்பட்ட உடல். அடிமை முறை நிலவிய மண்ணில் பிறந்த அச்சம் வேறு எந்த உருவத்தை எடுத்திருக்க முடியும்?

பாலைக் காதலிக்கத் தொடங்கிய பெட்சி, அவனுக்காகவே அவன் மனைவியைக் குணப்படுத்த எண்ணி, அவளை இரவில் வூடூ வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் செல்லும் பகுதிதான் படத்தின் உச்சம். ஆளுயரக் கரும்புக்கிடையே இருவரும் நடக்கிறார்கள். பின்னணி இசை இல்லை, காற்றும் தோகையின் சலசலப்பும் மட்டுமே கேட்கின்றன. மரத்தில் தொங்கும் விலங்கின் உடலையும் தரையில் கிடக்கும் மண்டையோட்டையும் கடந்தபின், டார்ச் வெளிச்சத்தில் கார்ஃபூர் என்னும் நெடிய கறுப்பினக் காவலன் இமைக்காத விழிகளோடு நிற்கிறான். அவன் எதுவும் செய்வதில்லை. யாரும் தாக்கப்படாத, ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாத இக்காட்சி அஞ்சவைப்பதற்குக் காரணம், பெட்சியின் காதலே அவளை அந்த இருட்டுக்குள் நடத்திச் செல்கிறது என்பதுதான்.

ஜெசிக்காவைப் பீடித்தது நோயா மந்திரமா என்பதைப் படம் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை. அடிமைகளை ஏற்றிவந்த கப்பலின் முகப்புச் சிலை ஹாலண்ட் வீட்டுத் தோட்டத்தில் நிற்பதைக் காட்டும்போது மட்டும் அதற்குத் தயக்கமே இல்லை. அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லும் வண்டியோட்டியிடம், அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்று பெட்சி வெள்ளந்தியாகக் கேட்க, அவர் மறுக்காமல், ஒப்புக்கொள்ளவும் செய்யாமல், மரியாதையாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுகிறார்.

இவ்வளவு கூர்மையாகப் பார்த்த படம் ஜெசிக்காவுக்கு ஒரு வசனமும் தரவில்லை என்பது குறைதான். பிராண்டேயின் பெர்த்தாவுக்கும் தன் கதையைச் சொல்ல வாய்ப்பில்லை. டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் எழுதிய 'வைட் சர்காசோ சீ' நாவலில்தான் அவளுக்கு அது கிடைத்தது. அந்நாவலை 1993இல் ஜான் டைகன் படமாக்கியபோது உடல் வேட்கை முன்னுக்கு வந்து திகில் ஒதுங்கிப்போனது. பெர்த்தாவுக்குப் பேச்சையும் கொடுத்து, கரும்புக்காட்டின் அச்சத்தையும் விடாமல் பிடித்திருந்தால் அது டூர்னரின் படத்தை மிஞ்சியிருக்கும்.