பல்லில் படிந்த நீலம்

(வாசகர் வட்டத்தில் மாணவத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எலும்பையும் பல்லையும் அளக்கிற விஞ்ஞானம் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். வரணும். மூக்கை அளந்துதானே ரிஸ்லி சாதிக்குப் படிவரிசை போட்டார். ஆனா அம்பேத்கர் அந்த அளவைக் கண்டு ஒதுங்கிப் போகலை. 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மூக்களவுக் கணக்கையே எடுத்துவைத்து, தீண்டப்படாதவர் வேறு இனம் என்ற கதையை உடைத்தார். அந்தத் துணிச்சலில்தான் இன்னைக்குப் பல் காரையைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

பல் இடுக்கில் மஞ்சளா, கல் மாதிரி இறுகிக் கிடக்குமே, அதேதான். பல்மேல் படிகிற கிருமிப் படலத்தை எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கல்லாக்கிவிடுகின்றன. அடுக்கடுக்காக வளரும்போது வாய்க்குள் போன மாவுத்துகள், புகை, தூசி எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆயிரம் வருஷம் ஆனாலும் அங்கேயே கிடக்கும். அகழாய்வு செய்தவர்கள் பலர் ரொம்பக் காலம் இதை அழுக்கு என்று சுரண்டிப் போட்டுவிட்டுப் பல்லை மட்டும் பெட்டியில் வைத்தார்கள்.

ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. சின்ன மடம். 14ஆம் நூற்றாண்டில் தீயில் அழிந்தது. அங்கிருந்து ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை. அதன் இடுகாட்டில் கிடைத்த ஒரு பெண்ணின் காலம் கி.பி. 997க்கும் 1162க்கும் இடையில். சாகும்போது 45 முதல் 60 வயதுக்குள் இருக்கலாம். பெயர் தெரியாது, பி 78 என்று ஓர் எண்தான். அந்த அம்மாவின் பல் காரையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்கள்!

நீலத்தில் பல நீலம் உண்டு. எலக்ட்ரான் கற்றையைத் துகள்மேல் பாய்ச்சினால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். செம்பு தெரிந்தால் அசுரைட்டாக இருக்கலாம். கோபால்ட் தெரிந்தால் ஸ்மால்ட் என்கிற கண்ணாடி நீலம். இங்கே தெரிந்தவை சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம். ராமன் ஒளிச்சோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்கள்: லாபிஸ் லசூலி. ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைக் கல். அன்றைய ஐரோப்பாவில் தங்கத்துக்கு நிகரான விலை. உயர்ந்த சுவடிகளுக்குத்தான் தீட்டுவார்கள், அதுவும் கைதேர்ந்தவர்களிடம்தான் கொடுப்பார்கள்.

அனிதா ராடினி, கிறிஸ்டினா வாரினர் குழுவினர் 2019 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். மருந்தாகத் தின்றிருக்கலாம், சாயக்கல்லை அரைத்திருக்கலாம், படத்தை முத்தமிட்டிருக்கலாம் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிய ஓவியர் என்பதே பொருத்தமானது என்றார்கள்.

இதிலே ஒரு கூத்து. இந்த முடிவைக் கேட்ட ஒருவர், அவள் வெறும் துப்புரவுக்காரியாக இருந்திருக்கலாமே என்றாராம். ஆய்வுக் குழுவினரே பிறகு சொன்னது இது. ஒரு பெண்ணுக்குச் சுவடி தீட்டத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்வதைவிட அவள் கையில் விளக்குமாற்றைக் கொடுப்பது சுலபமா இருந்திருக்கு. நமக்குப் பழகின மனசுதானே இது! அந்த எலும்பில் கடும் உழைப்பின் தேய்மானம் இல்லை என்பதை அவர் பார்க்கவில்லை.

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. அதென்ன 'வெறும்'? கூட்டுகிறவள் மூச்சில் போகிற தூசியும் காரையில்தான் ஏறும். அப்படியே இருந்திருந்தால் அதுவும் உழைப்பின் ஆவணம்தான். பதக்ஷானில் பாறையடியில் தீ மூட்டிச் சூடாக்கி உடைப்பது பழைய முறை. அந்தப் புகையைத் தின்ற வாய்களைப் பற்றி எந்தச் சுவடியின் ஓரத்திலும் ஒரு வரி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. தனிமப் பட்டியல் தானாகப் பேசாது. புதைந்து கிடக்கிற மண்ணிலிருந்து ஈயமும் மாங்கனீசும் காரைக்குள் இறங்கும். அதை அவர் வாழ்நாளில் தின்றதாகக் கணக்குப் பண்ணினால் முழுப் பொய். அதனால எங்கே தோண்டினாலும், எலும்பு கிடைத்தது என்ற செய்தி வந்தால், நீங்கள் போய் ரெண்டு கேள்வி கேளுங்கள். பல்லைத் தேய்த்துக் கழுவிட்டீங்களா? சுத்தியிருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வெச்சீங்களா?