திங்கட்கிழமைக்கான வாசிப்பு

 

வாசகர் வட்டத்து நண்பர்களே, விசுவாசத்தையும் அன்றாட வாழ்க்கையையும் இணைத்துப் பார்க்க இணையத்தில் என்ன படிக்கலாம் என்று கேட்டு என்னை இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். நீண்ட பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. நாலே நாலு நூல்கள். அவற்றைத் தேடி எடுக்க உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

அதற்கு முன், இப்போது நாம் வேதத்தை எப்படிப் படிக்கிறோம் என்று பாருங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியில் செருகி வைக்கிறோம். தினமும் விடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படம் வருகிறது; நாமும் நாலு பேருக்கு அனுப்புகிறோம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரை ஒரே ஒரு வசனம் தாங்கிப் பிடிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன் என்ற வசனங்கள் அட்டையில் வருகின்றன. வேலை செய்தவனின் கூலியைப் பிடித்து வைக்காதே என்ற வசனம் எந்த அட்டையிலாவது வந்திருக்கிறதா? வாக்குத்தத்தத்தை எடுத்துக்கொண்டு கட்டளையை விட்டுவிட்டு வருகிறோம். துண்டு துண்டாகப் படிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

அதனால் நான் சொல்லும் முதல் நூல் யாக்கோபு நிருபம். ஐந்தே அதிகாரம், 108 வசனம். உரக்க வாசித்தால்கூட இருபது நிமிடம் ஆகாது. பொன் மோதிரம் போட்டவர் சபைக்குள் வந்தால் நல்ல இடத்தைக் காட்டுகிறோம், அழுக்குத் துணியோடு வந்தவரை ஓரமாக நிற்கச் சொல்கிறோம் என்று இரண்டாம் அதிகாரம் முகத்துக்கு நேரே கேட்கிறது. மூன்றாம் அதிகாரம் நம் நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது. ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. அறுத்தவர்களின் அந்தக் குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டுகிறது. வயற்காட்டுச் சம்பளக் கணக்கு வேதத்துக்குள் வந்துவிட்டது, ஐயா! வரவு செலவு வேறு, பக்தி வேறு என்று இனி யார் சொல்ல முடியும்?

இரண்டாவது நூல் ஒரு சமையற்காரருடையது. பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்து, போர்க்களத்தில் காயப்பட்டு, காலை இழுத்து இழுத்து நடந்த ஒரு பழைய சிப்பாய். 1640-ல் பாரிஸில் கார்மல் சபை மடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். குருப்பட்டம் பெறாத எளிய சகோதரர். அவருக்குக் கிடைத்த வேலை அடுப்படி. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலை அது. அதில்தான் பல வருஷம் இருந்தார். பிறகு செருப்புத் தைத்தார். ஒருமுறை திராட்சரசம் வாங்க அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாது. கால் ஊனம் வேறு. படகுக்குள் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுக் கலங்காமல் செய்து முடித்தார். ஜெபவேளையில் கடவுளோடு இருந்ததைப் போலவே பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் இருந்தார். 1691-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய பேச்சுகளையும் கடிதங்களையும் தொகுத்து ஒரு சிறு நூலாக்கினார்கள். ‘தி பிராக்டிஸ் ஆஃப் தி பிரசன்ஸ் ஆஃப் காட்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும். ஜெபிக்க நேரமே இல்லை என்று வருந்தும் தாய்மாரே, இந்த நூல் உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும்.

மூன்றாவது நூல் நம்முடையது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாசிரியர், 1879-ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதிவிட்டோம். அவரை அத்தோடு விட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்! குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். முன்சீப்பாக நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர். வழக்காட வரும் ஏழைக்குச் சட்டம் புரியவேண்டும் என்று, 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ ஆக்கினார். 1859-ல் வந்த அவருடைய ‘நீதிநூல்’ தெய்வத்தைப் பற்றிப் பேசிவிட்டு நின்றுவிடவில்லை. கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. எந்த நாற்காலியில் லஞ்சம் வந்து நிற்குமோ அந்த நாற்காலியில் இருந்துகொண்டே ஒருவர் லஞ்சத்தைக் கண்டித்து எழுதினார் என்றால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு உருகி, அவர்மேல் ஒரு கீர்த்தனை இயற்றினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்துக்கோவை’ பாடினார். வேறு சமயத்துப் புலவர்கள் ஒரு கிறிஸ்தவரை மனமாரப் புகழ்ந்தார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கண்டு புகழ்ந்தார்கள்! ‘நீதிநூ’லையும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தையும் புராஜெக்ட் மதுரை தளத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். காசு வேண்டாம், கண் வேண்டும், மனம் வேண்டும்.

நாலாவது நூல், டீட்ரிக் போன்ஹோஃபர் எழுதிய ‘லைஃப் டுகெதர்’. ஹிட்லருக்கு அடிபணியாத திருச்சபைக்காக இளம் போதகர்களைப் பயிற்றுவித்தவர் அவர். 1935-ல் பால்டிக் கடலோரத்தில் சிங்ஸ்ட் என்ற இடத்தில் அந்தப் பயிற்சி தொடங்கியது. ஒருநாள் அடுக்களையிலிருந்து உதவிக்கு ஆள் கேட்டார்கள். மாணவர்கள் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஆசிரியர் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே ஓடிவந்த மாணவர்களை அவர் உள்ளே விடவில்லை. அதைப் பற்றிப் பிறகும் அவர் பேசவில்லை. ஃபின்கென்வால்டேயில் தொடர்ந்த அந்தப் பள்ளியை 1937-ல் ரகசியப் போலீஸ் மூடியது. அங்கே சேர்ந்து வாழ்ந்த அனுபவத்திலிருந்து பிறந்து 1939-ல் வெளிவந்தது இந்நூல். அடுத்தவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பதே ஓர் ஊழியம் என்று அதில் எழுதினார். 1945 ஏப்ரல் 9-ல் ஹிட்லரின் ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. அன்றாடச் சின்ன வேலைகளில் பழகிய கீழ்ப்படிதல்தான் அவரைத் தூக்குமேடை வரைக்கும் நிமிர்ந்து நடக்கவைத்தது என்று நான் நம்புகிறேன்.

கூலிக் கணக்கு, அடுப்படி, நீதிமன்றம், மாணவர் விடுதி. இந்த நாலு நூல்களும் பிறந்த இடங்களைப் பாருங்கள். நாமும் திங்கட்கிழமை காலையில் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டு அங்கே நம்மோடு வருகிறதா என்பதுதான் கேள்வி. வரவேண்டுமானால், அந்த இடங்களில் நின்று விசுவாசத்தைக் காத்தவர்களின் எழுத்தைப் படிக்கவேண்டும், முழுசாகப் படிக்கவேண்டும்.

இந்த வாசகர் வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மாதம் ஒரு நூல் எடுங்கள். கூடிப் பேசும்போது, எது பிடித்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இதைப் படித்தபின் என்ன செய்தாய் என்று ஒருவரையொருவர் அன்போடு கேளுங்கள். தேங்கிக் கிடந்த ஏழையின் ஃபைலை நகர்த்தினேன் என்று ஓர் அலுவலர் சொல்லட்டும். வீட்டில் பாத்திரம் துலக்கினேன் என்று ஒரு கணவர் சொல்லட்டும். அப்படிச் சொல்லும் நாளில் இந்த வட்டம் ஊருக்கே ஆசீர்வாதம் ஆகிவிடும்.

இன்று இரவே யாக்கோபு நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்து முடியுங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ, கடைப் பையனுக்கோ, யாருக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். நாளைக் காலையில் அதைக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த நூலைத் திறங்கள்.