மோட்டர் ஓடுது, ஆனா ஏசி ஏன் அனல் அடிக்குது?

போன மே மாசம், அப்பாவோட பழைய கார்ல ஏசியை 18-ல வெச்சாலும் வென்ட்ல அனல்தான் வந்துச்சு. பார்த்த மெக்கானிக், "டேஷ்போர்டையே இறக்கணும்"னு ஒரு தொகை சொன்னார். என்னோட ஒரு மாச வாடகை அது.

பானெட்டைத் திறந்து பார்த்தா, தடிமனான ஏசி பைப் ஜில்லுன்னு வேர்த்திருந்தது. அப்போ குளிர் உற்பத்தி ஆகுது, உள்ள வர்ற வழியில சூடு கலக்குது. டேஷ்போர்டுக்குள்ள ஒரு சின்னக் கதவு இருக்கு. ஹீட்டர் வழியா எவ்வளவு காத்து போகணும்னு அதுதான் தீர்மானிக்கும். அதைத் திருப்ப ஒரு குட்டி மோட்டர்.

கார் பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிட்டு, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருந்த மோட்டரை எடுத்தேன். கதவைக் கையால திருப்பினா லேசா நகர்ந்தது. அங்க அடைப்பு இல்ல.

மோட்டர்ல 5 பின். வயரிங் டயகிராம் பார்த்து, மோட்டருக்கான ரெண்டு பின்ல 9 வோல்ட் பேட்டரியை ரெண்டு செகண்ட் வெச்சேன். சுத்துச்சு. ப்ளஸ், மைனஸை மாத்தினேன், எதிர்ப்பக்கம் சுத்துச்சு. "மோட்டர் ஓகே"ன்னு திரும்ப மாட்டவே போயிட்டேன்.

அப்புறம்தான் உறைச்சது. மிச்ச 3 பின் எதுக்கு? உள்ள ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கு. கதவு எங்க நிக்குதுன்னு கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்றது அதுதான். தங்கச்சி பேட்டரியைப் பிடிக்க, நான் மல்ட்டிமீட்டரை ஓம்ஸ்ல போட்டு, சிக்னல் பின்னுக்கும் ஓரத்துப் பின்னுக்கும் நடுவுல வெச்சேன். ரீடிங் படிப்படியா ஏறணும். ஏறுச்சு. பாதியில திடீர்னு 'ஓஎல்', அதாவது தொடர்பே இல்ல. கொஞ்சம் தாண்டினதும் திரும்ப வந்துச்சு. டிராக் அந்த இடத்துல தேஞ்சு போச்சு.

வேலை செய்றவன் சரியாத்தான் இருக்கான், ஸ்டேட்டஸ் சொல்றவன்தான் தப்பு. நம்ம ஆபீஸ்ல பார்க்காததா!

புது மோட்டர், சொன்ன தொகையில பத்துல ஒரு பங்குகூட ஆகல. மாட்டிட்டு, மேனுவல்ல சொன்ன மாதிரி கேலிபிரேஷன் பண்ணதும் ஜில்லுன்னு காத்து.

ஒரே எச்சரிக்கை: சில மோட்டர்களுக்குள்ள சிப் இருக்கும், அதுல பேட்டரியை நேரா வெச்சா போயிடும். பொட்டென்ஷியோமீட்டர் பின்லயும் வெக்காதீங்க. டயகிராம் கிடைக்கலன்னா தொடவே வேண்டாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!