கணினிப் பெட்டியின் சூடும் வேகமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்குத் தரப்பட்ட பத்து நிமிடத்தில் பழைய நினைவுகளைப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு மூத்த அக்காமார் வரிசையில் இருக்கிறார்கள். உயர்தர வகுப்புத் தங்கைமார் எங்களிடம் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்லவே நாங்கள் வந்தோம். “அக்கா, ஆய்வுகூடத்துக் கணினிகள் ஊர்கின்றன. ஓவர்குளொக் செய்தால் வேகமாகுமா?”

நல்ல கேள்வி. ஒரு புரொசசர் நொடிக்கு இத்தனை கோடித் துடிப்பு என்ற கணக்கில் வேலை செய்கிறது. தயாரித்தவர் குறித்த அளவைவிடக் கூடுதலாகத் துடிக்க வைப்பதே ஓவர்குளொக்கிங். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலெரோன் 300ஏ என்ற மலிவான புரொசசர் இதற்குப் பேர்போனது. அதன் பெருக்கி எண் 4.5. தாய்ப்பலகையின் பாதையை 66 மெகாஹேர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால், 300இல் ஓடவேண்டியது 450இல் ஓடியது. காசில்லாத மாணவர்கள் உலகெங்கும் அதைக் கொண்டாடினார்கள். 2011இல் ஏஎம்டி நிறுவனத்தார், 3.6 கிகாஹேர்ட்ஸில் ஓடும் எஃப்எக்ஸ் புரொசசர் ஒன்றைத் திரவ நைதரசன், திரவ ஹீலியம் கொண்டு குளிரவைத்து 8.4 கிகாஹேர்ட்ஸையும் தாண்டவைத்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். அது வேடிக்கை காட்டுவதற்கு. அதில் யாரும் உயர்தரச் செயற்றிட்டம் தட்டச்சுச் செய்யவில்லை.

வேகத்தைக் கூட்ட ஏன் இத்தனை குளிர்? கணக்குப் போட்டுப் பாருங்கள். புரொசசர் உண்ணும் மின்வலு துடிப்பின் வேகத்தோடும், அழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தை 20 சதவீதம் கூட்டி, அது தடுமாறாமலிருக்க அழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால், 1.2ஐ 1.21ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.45. வேகத்தில் ஐந்திலொரு பங்கு கூட, சூடோ பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. சாதாரண 65 வாற்றுப் புரொசசரே அந்தக் காலத்துக் குண்டு மின்குமிழ் ஒன்றின் சூட்டை ஒரு தபால்தலையளவு இடத்தில் கக்குகிறது.

சூடு போக வழியில்லாவிட்டால் என்னாகும் என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டிவைத்தால், லொறி வருவதற்குள் நடுவிலே கைவைக்க முடியாதபடி சூடேறிச் சிவந்துவிடும். நிறுக்கும் இடத்தில் அம்மாமார் வாங்கிய ஏச்சு பலருக்கு நினைவிருக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் காற்றை ஊதி வாட்டுகிறார்கள். ஹப்புத்தளைக்கு மேலே 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையின் மாடிகளெல்லாம் காற்றுக்காகத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கொழுந்துக்கு வறண்ட காற்று வேண்டும். ஆடி ஆவணியில் கச்சான் வீசும்போது ஊவாத் தேயிலைக்கு மணம் வருவது அதனால்தான். கணினிக்குக் காற்றின் ஈரப்பதன் அவ்வளவு முக்கியமில்லை, அதன் வெப்பநிலையே முக்கியம். காற்றாடி எவ்வளவு பெரிதானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே புரொசசரைக் கொண்டுபோகாது. வேலையின்போது அது அறையைவிட 45 பாகை கூடுதலாகச் சுடுகிறது என்று வையுங்கள். 20 பாகையுள்ள பண்டாரவளை அறையில் 65. அதே பெட்டி 33 பாகையுள்ள மட்டக்களப்பு அறையில் 78. மலையில் பிறந்த நமக்கு இந்தப் பதின்மூன்று பாகை இலவசம். பனிக்கட்டி வைக்கலாமே என்று கேட்ட தங்கைக்கு: வேண்டாம் மகள், மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊரில் குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்து முத்தாகப் படியும். தாய்ப்பலகை அன்றோடு சரி.

இனி நம் ஆய்வுகூடத்துக்கு வருவோம். அங்கிருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்து, அக்காமார் தயவால் வந்தவை. அவ்வகைப் பெட்டிகளில் பெருக்கி எண் பூட்டப்பட்டிருக்கும். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துள்ள வகைகளும் அதற்கேற்ற தாய்ப்பலகையும் இருந்தால்தான் பொதுவாக அதைத் தொடலாம். ஆகவே தங்கைமாரின் கேள்விக்கு நேரடி விடை: முடியாது. முடிந்தாலும், மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் நாங்கள் செய்யமாட்டோம். எல்லை மீறி ஓடும் புரொசசர் நின்றுபோனால் பரவாயில்லை. சத்தமில்லாமல் கணக்கைப் பிழையாகப் போட்டு, கோப்பைக் கெடுத்து வைப்பதுதான் ஆபத்து.

ஆனால் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். வேகம் எங்கே போயிற்று என்று அங்கே தெரிந்தது. அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசு பஞ்சு மெத்தைபோலப் படிந்திருந்தது. புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. போதாததற்குப் பெட்டிகளை மேசை அலுமாரிக்குள் வைத்துப் பூப்போட்ட துணியும் போர்த்தியிருந்தார்கள். தூசு வராதிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் அறையில் இது! புரொசசர் தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். பல இன்டெல் வகைகளில் 100 பாகையை நெருங்கியதும், எரிந்துபோகாமலிருக்க வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ச்சியும் இடமும் இருந்தால் குறித்த அளவுக்கு மேலேயும் தானாக ஏறும். 2008இலிருந்து இன்டெலில் அந்த வசதி இருக்கிறது. ஓவர்குளொக் செய்து தேடப்போன வேகத்தில் ஒரு பங்கு தூசுக்கடியில் கிடந்தது.

துப்புரவாக்குவது பெரிய வித்தையல்ல. மின் செருகியைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தைப் போக்குங்கள். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஊதும்போது அதைச் சுழலவிட்டால் அச்சு கெடும். பழைய பசையை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, புதிய பசையை ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்து, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஏஎம்டியின் பழைய வகைகளில் தகட்டை நேரே இழுக்காமல் மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் புரொசசரும் சேர்ந்து வந்து கால்கள் வளைந்துவிடும். விறகடுப்புப் புகையுள்ள வீட்டில் தூசு பிசுபிசுக்கும், ஆகவே இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

அதிபர் அவர்களிடமும் ஆசிரியைமாரிடமும் ஒன்று கேட்கிறோம். இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்க நகரிலிருந்து ஆள் வரும்வரை மாதக்கணக்கில் மூடிவைக்கிறோம். “கைவைக்காதே, பழுதாகிவிடும்” என்று பெண்பிள்ளைகளிடம் சொல்வதைப்போல ஆண்பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. லயத்து வீட்டில் சீட்டுப்பிடித்து வாங்கிய ஒற்றைக் கணினி நின்றுபோனால், அதைத் திறக்கத் தெரிந்த ஒருத்தி அந்த வீட்டில் இருக்கட்டும். முழுதாகப் பழுதான ஒரு பெட்டியை உயர்தர வகுப்புக்கே கொடுத்துவிடுங்கள். கழற்றிப் பூட்டிப் பழகட்டும்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்பும் அக்காமாரே, அனுப்புமுன் ஒருமுறை திறந்து தூசு தட்டுங்கள். வெப்பப் பசைக் குழாய் இரண்டும், நல்ல நட்சத்திர ஸ்குறூட்ரைவர் ஒன்றும் அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இங்கே தங்கைமார் பத்துப்பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.